பாலைவனக் கடலோரத்தில் சர்ஃபிங்: பிபி மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன், வயது 44. ஜூலையில் நண்பர்களோடு அல் அஷ்காரா, மஸீரா தீவுப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கி சர்ஃபிங் செய்யப் போகிறோம். டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த பிபி மாத்திரை தினமும் காலையில் சாப்பிடுகிறேன். அது சிறுநீரை அதிகம் போக வைக்கும், அந்த நாலு நாள் நிறுத்திவிடு என்கிறார் ஒரு நண்பர். நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனாலும் உங்கள் நண்பர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. உங்கள் மாத்திரையில் உள்ள தையசைடு (ஹைட்ரோகுளோரோதையசைடு) உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும். வெயிலில் வியர்வையிலும் அதே இரண்டும்தான் போகின்றன. உடலில் நீர் குறையும்போது சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறது. டெல்மிசார்டன் அதைக் கொஞ்சம் தடுக்கும். சாதாரண நாளில் இவை பிரச்சினை இல்லை.

எனக்குப் பயம் வேறொன்றில். நாள் முழுக்கத் துடுப்புப் போட்டால் தோள் வலிக்கும், கையில் இருக்கும் இபுபுரூஃபனையோ டைக்ளோஃபினாக்கையோ போட்டுக்கொள்வீர்கள். நீர் வற்றிய உடலில் உங்கள் மாத்திரையோடு இதுவும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம். வலிக்கு பாராசிட்டமால் போதும். மற்றதைப் பையிலேயே வைக்காதீர்கள்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். பிபி, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சோடியம், பொட்டாசியம் பார்த்துவிட்டு மருந்தின் அளவை மாற்றலாமா என்று அவர் முடிவு செய்யட்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் எதை நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் கடற்கரை ஆளை ஏமாற்றும். தென்மேற்குப் பருவக்காற்று ஆழத்துக் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவருவதால் ஜூலையில் கடல் சில்லென்று இருக்கும். காற்றும் பலமாக வீசும். வியர்ப்பதே தெரியாது, தாகமும் தாமதமாகத்தான் எடுக்கும். அதற்காக வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் தவறு. தையசைடு சாப்பிடுபவருக்கு அதனால் ரத்தத்தில் சோடியம் குறையும்; தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், நடுநடுவே உப்புப் போட்ட லபன் (மோர்) குடியுங்கள். நிறைய வியர்த்த நாளில் ஒரு ஓஆர்எஸ் பாக்கெட் கரைத்துக் குடிக்கலாம். உப்பு மாத்திரை வேண்டாம்.

மஸ்கட்டில் இருப்பதாலேயே உடல் வெயிலுக்குப் பழகியிருக்கும் என்று நினைக்காதீர்கள். ஏசி வீடு, ஏசி கார், ஏசி அலுவலகம் என்றால் பழக்கம் எங்கிருந்து வரும்? இரண்டு வாரம் மாலையில் வெளியே நடங்கள், நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஓமானில் கோடையில் மதியம் 12:30 முதல் 3:30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. நீங்கள் அதைவிட முன்பே, காலை ஒன்பது, பத்து மணிக்குள் கரையேறிவிடுங்கள்.

இதே தையசைடு தோலையும் வெயிலுக்கு எளிதில் புண்ணாக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள். முகம், காது, பின்னங்காலில் சன்ஸ்கிரீன் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுங்கள்.

அப்புறம், உங்கள் நண்பர்களுக்கு ஒன்று. யாராவது உளறினாலோ, தள்ளாடினாலோ, உடல் கொதித்தாலோ அது வெப்பவாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். உடனே நிழலுக்குத் தூக்கிப் போய், உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அதே நேரத்தில் ஒருவர் 9999-ஐ அழைக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்த வேண்டாம். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.