ராயபுரத்தில் இருக்கிறேன், ஸ்லாப் வாசிக்க எந்த பேஸ் கிட்டார் வாங்கலாம்?

சர்ச் பேண்டிலும் அவ்வப்போது கானா மேடையிலும் வாசிப்பதாகவும், கடையில் 24 ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) கொண்ட ஆக்டிவ், அதாவது உள்ளே பேட்டரி வைத்த பேஸ் ஒன்றைக் காட்டி "ஸ்லாப்புக்கு இதுதான்" என்றதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

ஸ்லாப் என்றால் கம்பியைக் கட்டை விரலால் அடிப்பதும் ஆள்காட்டி விரலால் இழுத்து விடுவதும். அதற்கு முதலில் பார்க்க வேண்டியது பிராண்டும் இல்லை, பேட்டரியும் இல்லை, விரலுக்கான இடம். கட்டை விரல் அடிப்பது கடைசி ஃப்ரெட்டுகளின் மேல். ஆள்காட்டி விரல், ஃபிங்கர்போர்டு முடியும் இடத்துக்கும் நெக் பிக்கப்புக்கும் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தங்களில் நெக் பக்கம் இருப்பது) நடுவே, மெல்லிய ஜி கம்பிக்கு அடியில் நுழைந்து இழுக்க வேண்டும். 34 அங்குல ஸ்கேலில் (கம்பியின் அதிரும் நீளம்) 20-வது ஃப்ரெட், உடலில் கம்பிகள் முடியும் பிரிட்ஜிலிருந்து சுமார் 27 செ.மீ. தள்ளி நிற்கும், 24-வது ஃப்ரெட் 21.6 செ.மீ.யில் வந்துவிடும். ஐந்தரை செ.மீ. போய்விட்டது. விரல் நுழையும்போதெல்லாம் பிக்கப்பில் இடிக்கும். 24 ஃப்ரெட்டில் அட்டகாசமாக ஸ்லாப் போடுபவர்கள் உண்டு, அவர்கள் விரல் நுனியை மட்டும் நுழைத்துப் பழகியவர்கள். கற்றுக்கொள்பவருக்கு 20 அல்லது 21 போதும்.

அடுத்தது கம்பிகளின் இடைவெளி. பிரிட்ஜில் 19 மி.மீ. இருந்தால் வசதி. பல ஐந்து கம்பி பேஸ்களில் இது 17 மி.மீ. பக்கம் சுருங்கும், இழுக்கும்போது பக்கத்து டி கம்பியும் சேர்ந்து வரும்.

பிக்கப்பில் என் ஓட்டு ஜாஸ் பேஸ் அமைப்புக்கு, அதாவது இரண்டு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப், ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்யூம். ஸ்லாப்புக்குப் பெயர்போன அமெரிக்க பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லர் கையில் இருப்பதும் 1977-ம் வருட ஃபெண்டர் ஜாஸ் பேஸ்தான். இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்தால் நடு அலைகள் கொஞ்சம் குறைந்து, அடியும் உச்சியும் தூக்கி நிற்கும். ஸ்லாப்புக்குப் பழகிப்போன சத்தம் அது. ஒன்றைக் குறைத்தால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரலாம், அது பழுதில்லை, சிங்கிள் காயிலின் குணம். ஸ்குவையர் அஃபினிட்டி ஜாஸ், சயர் நிறுவனத்தின் மார்கஸ் மில்லர் வரிசையில் ஜாஸ் மாடல் இரண்டையும் அண்ணா சாலைப் பக்கம் கடைகளில் தேடி, கையில் எடுத்துப் பாருங்கள். யமஹாதான் வேண்டுமென்றால் பிபி வரிசையைப் பாருங்கள். டிஆர்பிஎக்ஸ் 24 ஃப்ரெட்.

இனிதான் முக்கியம். சுமாரான பேஸும் சரியான செட்டப்பில் (நெக் வளைவு, கம்பி உயரம் சரிசெய்வது) ஸ்லாப் பேசும். விலை உயர்ந்தது செட்டப் இல்லாமல் ஊமை. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டை அழுத்தி, 7-வது ஃப்ரெட்டில் தடித்த ஈ கம்பிக்கு அடியில் இடைவெளி பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைய வேண்டும், 0.3 மி.மீ. அளவு. அதிகமோ குறைவோ இருந்தால் டிரஸ் ராடை (நெக்குக்குள் இருந்து அதன் வளைவை மாற்றும் உலோகத் தண்டு) திருப்பிச் சரிசெய்யுங்கள், ஆனால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். பிறகு 12-வது ஃப்ரெட்டில் உயரம்: ஈ கம்பி 2 மி.மீ., ஜி கம்பி 1.5 முதல் 1.75. இதைவிடத் தாழ்த்தினால் கட்டை விரல் அடியில் கம்பி எல்லா ஃப்ரெட்டிலும் மோதி, சுரம் 'டக்' என்று செத்துவிடும். உயர்த்தினால் கம்பி ஃப்ரெட்டைத் தொடாது. 'டங்' வராமல் 'தொப்' என்றுதான் வரும், அதை ஈடுகட்ட ஓங்கி அடித்து மணிக்கட்டு வலிக்கும். பிக்கப்பும் கம்பிக்கு மிக அருகில் இருக்கக்கூடாது. கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி ஈ பக்கம் 3 மி.மீ. விடுங்கள். இல்லையென்றால் அடிக்கும்போது கம்பி காந்தத்தில் மோதி 'கிளாக்' என்று ஸ்பீக்கரில் வெடிக்கும்.

ராயபுரம், காசிமேடு காற்றில் உப்பு. ஸ்லாப்புக்கு ரவுண்ட்வவுண்ட் (மேலே உருண்டைக் கம்பி சுற்றிய) கம்பிதான் வேண்டும், அதிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நிக்கல் பூசியதைவிடப் பளிச்சென்று ஒலிக்கும், துருவையும் தாங்கும். தடிமனில் 45 முதல் 105 (ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கு) செட் போதும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கம் வரை துடையுங்கள். ஐப்பசி மழையிலும் சித்திரை வெயிலிலும் நெக் ஒரே மாதிரி நிற்காது, வருடத்துக்கு இரண்டு முறை மறுபடி அளக்க வேண்டும்.

ஆக்டிவ் எடுத்தால் வாசித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். செருகியே இருந்தால் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். கட்டை விரல் அடி மட்டும் கரகரத்தால் முதலில் பேட்டரியைச் சந்தேகியுங்கள்.

வீட்டில் நடு அலைகளை ஒரேயடியாக வெட்டிவிட்டு ரசிப்பது எல்லோரும் செய்யும் தப்பு. கானா மேடையில் டோலக், கீபோர்டின் இடதுகை பேஸ், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்ததும் உங்கள் பேஸ் காணாமல் போகும். மேடையில் நடு அலைகளைத் திரும்ப ஏற்றுங்கள்.

பழையது வாங்குவதாக இருந்தால் பிரிட்ஜ் சேடில் (ஒவ்வொரு கம்பியும் உட்காரும் துண்டு) திருகுகளில் ஆலன் கீ போட்டுத் திருப்பிப் பாருங்கள். கடற்கரைப் பக்கத்து பேஸ்களில் அவை துருவேறி இறுகியிருக்கும், உயரத்தை மாற்றவே முடியாது. கடைசி நான்கு ஃப்ரெட்டுகளில் ஈ கம்பிக்கு அடியில் பள்ளம் விழுந்திருந்தால் முந்தைய ஆள் நிறைய ஸ்லாப் போட்டிருக்கிறார். ஃப்ரெட் வேலைக்கான செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.