நீல மூடி

கேள்வி: அடுப்படி அலமாரியில் பெருங்காய டப்பாவைக் கால் மணி நேரம் தேடினேன். கண்ணுக்கு நேராகவே இருந்திருக்கிறது. பழைய நீல மூடி உடைந்துபோனதால் மருமகள் சிவப்பு மூடி போட்டிருக்கிறாள். "அப்பத்தாவுக்குக் கவனக்குறைவு" என்று பேத்தி சிரிக்கிறாள். கண் டாக்டரிடம் போகட்டுமா?
- ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டிக்கொள்ளுங்கள், நல்லதுதான். இதற்காகப் போக வேண்டாம்.

என்னைப் பிடித்து நிறுத்தியது பேத்தியின் சொல். கவனக்குறைவு! பள்ளியில் என் கணக்கு நோட்டு முழுக்கச் சிவப்பு மையில் இருந்த சொல் அது. அன்றிலிருந்து அதனோடு எனக்குச் சண்டை. உங்களுக்குக் கவனம் எங்கே குறைந்தது, ஆச்சி? மொத்தக் கவனமும் நீலத்தின் மேல் இருந்தது. நீலமில்லாத டப்பாவையெல்லாம் கண் ஒதுக்கிக்கொண்டே போனது. தேடும் கண்ணுக்கு அதுதான் வேலை. இல்லையென்றால் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்து ரசம் இறக்குவதற்குள் மத்தியானம் தாண்டிவிடும்.

2013-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. நுரையீரல் ஸ்கேனில் சின்னக் கட்டிகளைக் கண்டுபிடிப்பதே தொழிலான 24 டாக்டர்களிடம் படங்களைக் கொடுத்துத் தேடச் சொன்னார்கள். ஒரு படத்தில் கொரில்லா உருவம் ஒன்றைச் செருகி வைத்திருந்தார்கள். வழக்கமான கட்டியைவிட 48 மடங்கு பெரியது. 20 பேருக்கு அது தெரியவில்லை! கண் எங்கெங்கே போகிறது என்று கருவி வைத்தும் பார்த்தார்கள். தவறவிட்ட 20 பேரில் 12 பேரின் பார்வை கொரில்லா இருந்த இடத்திலேயே விழுந்திருந்தது. வெளுத்த, உருண்டையான கட்டியை எதிர்பார்த்த கண்ணுக்குக் கறுத்த கொரில்லா ஒரு பொருட்டாகவே படவில்லை. அவர்களையும் கவனக்குறைவு என்பாளா பேத்தி?

இங்கேதான் என் பழைய வழக்கு வருகிறது. நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் கையில் 'அவசியம் பார்க்க வேண்டிய பத்து' என்று தாளைத் திணிக்காதீர்கள் என இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். வழிகாட்டிகள் சிலருக்கு என்மேல் இன்னும் கோபம். இருக்கட்டும். ஆத்தங்குடித் தரைக் கல், பர்மா தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு என்று தாளில் இருப்பதைத் தேடிக்கொண்டே நுழைகிறார்கள். முகப்பு, வளவு என்கிற உள்முற்றம், இரண்டாம் கட்டு என்று நடந்து அடுத்த தெருவில் வெளியே வந்துவிடுகிறார்கள். வாசலுக்கு மேலே சுதையில் கஜலட்சுமி இருக்கிறாள். சில வீடுகளில் துப்பாக்கியோடு வெள்ளைக்காரச் சிப்பாயும் நிற்கிறான். அதற்கு நேர்கீழே நின்று செல்ஃபி எடுத்த ஒருவரிடம் சிப்பாயைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "எங்கே சார்?" என்றார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். தாள் சொன்னதை அவர் கண் ஒழுங்காகச் செய்தது.

சரி, டப்பாவுக்கு வருவோம். மூடியை மாற்றினால் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள் மருமகளை. சொல்லியிருந்தால் சிவப்பு உடனே கண்ணில் பட்டிருக்கும். அப்புறம், பேத்தியின் செல்போன் உறையை ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் வேறு நிறத்துக்கு மாற்றி, மேசைமேல் நாலு சாமானோடு வையுங்கள். எத்தனை நிமிஷம் தேடினாள் என்று எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.