பாங்காக் வாழ்க்கை: வரி, விசா, வாடகை, சாம்பார் (கேள்வி பதில்)

பாங்காக்கில் வேலை பார்க்கிறவர்களும் வரப்போகிறவர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். "ஹெச்.ஆர். பார்த்துக்கொள்வார்", "ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்" என்று தேதிகளை மறந்துவிடாதீர்கள். முத்திரை உங்கள் பாஸ்போர்ட்டில் விழுகிறது, அபராதமும் உங்கள் பெயரில்தான் வரும்.

கேள்வி: சார், மாதச் சம்பளம் 80,000 பாத். மனைவி வேலைக்குப் போகவில்லை, ஒரு குழந்தை. கம்பெனியே மாதாமாதம் வரி பிடித்துவிடுகிறது. நான் தனியாகக் கணக்கு தாக்கல் செய்யணுமா?

பதில்: கட்டாயம் செய்யணும். செய்யாவிட்டால் உங்களுக்குத்தான் நஷ்டமாகும் வாய்ப்பு அதிகம். 2025 வருமானத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆண்டுச் சம்பளம் 9,60,000. இதில் செலவுக் கழிவு, சம்பளத்தில் பாதி, ஆனால் 1,00,000க்கு மேல் கிடையாது. உங்களுக்கான கழிவு 60,000. வருமானம் இல்லாத மனைவிக்கு 60,000. குழந்தைக்கு 30,000. சமூகப் பாதுகாப்பு நிதிக்கு மாதம் 750 வீதம் 9,000. மிச்சம் 7,01,000.

முதல் 1,50,000க்கு வரி இல்லை. அடுத்த 1,50,000க்கு 5 சதவீதம், அதாவது 7,500. அடுத்த 2,00,000க்கு 10 சதவீதம், 20,000. மீதி 2,01,000க்கு 15 சதவீதம், 30,150. மொத்தம் 57,650 பாத். மனைவி, குழந்தைக் கழிவை விட்டுவிட்டால் இதுவே 73,200 ஆகும். வித்தியாசம் 15,550 பாத்.

இந்தக் கழிவுகள் கம்பெனிக்குத் தானாகத் தெரியாது. எல்.ஒய். 01 என்ற படிவத்தில் குடும்ப விவரம் எழுதிக் கொடுத்தால்தான் மாதப் பிடித்தத்தில் சேர்ப்பார்கள். பலர் வேலைக்குச் சேர்ந்த அன்று அவசரத்தில் அதை வெறுமையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி நடந்திருந்தாலும் பணம் போய்விடவில்லை, தாக்கல் செய்யும்போது திருப்பிக் கேட்கலாம். திருமணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இரண்டுக்கும் மொழிபெயர்த்துச் சான்றளித்த பிரதி வைத்திருங்கள்.

தாக்கலுக்கு வேண்டிய முக்கியத் தாள் "ஹா சிப் தவி". கம்பெனி எவ்வளவு சம்பளம் கொடுத்தது, எவ்வளவு வரி பிடித்தது என்ற சான்றிதழ் அது. பிப்ரவரி நடுவில் கைக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். தாக்கல் படிவம், சம்பளம் மட்டும் என்றால் பி.என்.டி. 91, வேறு வருமானமும் இருந்தால் பி.என்.டி. 90. தாளில் கொடுத்தால் கடைசி நாள் மார்ச் 31, இணையத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் கூடுதல். தாமதமானால் கட்ட வேண்டிய வரிக்கு மாதம் 1.5 சதவீதம் சேரும். வரி 3,000 பாத்தோ அதற்கு மேலோ என்றால் மூன்று தவணையாகக் கட்டலாம். ரீஃபண்ட் வெளிநாட்டவர்களுக்குப் பெரும்பாலும் காசோலையாகத் தபாலில் வரும். வீடு மாறியிருந்தால் புது முகவரியைத்தான் எழுத வேண்டும். பழைய காண்டோவின் (அடுக்குமாடி வீட்டின்) தபால் பெட்டியில் செக் தூங்குவது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி: அண்ணா, ஊரில் வீட்டு வாடகை வருகிறது. என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாட்டில் வாழும் இந்தியரின் ஊர் வருமானத்துக்கான வங்கிக் கணக்கு) சேர்கிறது. அதை இங்கே கொண்டுவந்தால் தாய்லாந்திலும் வரி கட்டணுமா?

பதில்: ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ தாய்லாந்தில் இருந்தால் நீங்கள் இங்கே வரிக் குடியிருப்பாளர், தம்பி. முன்பெல்லாம் வெளிநாட்டு வருமானத்தை சம்பாதித்த ஆண்டில் கொண்டுவராமல் அடுத்த ஆண்டில் கொண்டுவந்தால் வரி இல்லை என்று இருந்தது. அந்த வழி 2024 ஜனவரி 1 முதல் அடைபட்டுவிட்டது. அதற்குப் பிறகு சம்பாதித்ததை, குடியிருப்பாளராக இருக்கும் எந்த ஆண்டில் உள்ளே கொண்டுவந்தாலும் அந்த ஆண்டின் வருமானத்தில் சேரும். 2023 டிசம்பர் 31 வரை சம்பாதித்ததற்கு விலக்கு உண்டு. அதற்கு ஆதாரம் வேண்டும். அந்தத் தேதிக்கான வங்கி ஸ்டேட்மென்ட்டை இன்றே எடுத்துத் தனியாக வையுங்கள். பழைய சேமிப்பும் புது வாடகையும் ஒரே கணக்கில் கலந்துகிடந்தால் எது எதென்று நிரூபிப்பது பெரும்பாடு. பழைய பணத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிடுவது நல்லது.

இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அங்கே வாடகைக்குக் கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம். சிக்கல் ஆண்டுக் கணக்கில் வரும். இந்தியாவில் ஏப்ரல் முதல் மார்ச் வரை, இங்கே ஜனவரி முதல் டிசம்பர் வரை. தாய்லாந்தின் ஓர் ஆண்டுக்குள் இந்தியாவின் இரண்டு நிதியாண்டுகள் விழும். இரண்டுக்கும் ரிட்டர்ன் நகலும் வரி கட்டிய சலானும் வேண்டும். இது தெரியாமல் ஒரே ஒரு ரிட்டர்னோடு போய் நின்றால் பாதிக் கழிவுதான் கிடைக்கும்.

இன்னும் ஒன்று. என்.ஆர்.இ. கணக்கு (வெளிநாட்டில் சம்பாதித்து ஊருக்கு அனுப்பும் பணத்துக்கானது) தரும் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று நினைக்காதீர்கள். உள்ளே கொண்டுவந்தால் அதுவும் கணக்கில் வரும், கழித்துக்கொள்ள அங்கே கட்டிய வரி எதுவும் இருக்காது. ஊரில் பழைய சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே விட்டுவைத்திருந்தால் அதை என்.ஆர்.ஓ.வாக மாற்றிவிடுங்கள். ஃபெமா என்ற இந்திய அந்நியச் செலாவணிச் சட்டப்படி அது கட்டாயம்.

கேள்வி: 90 நாள் ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன். விசா நீண்டுவிட்டது என்று அர்த்தமா? ரீ-என்ட்ரி பெர்மிட் என்கிறார்களே, அது எதற்கு?

பதில்: நீளவில்லை. இரண்டும் வேறு வேறு. 90 நாள் ரிப்போர்ட், அதாவது டி.எம். 47, "இந்த முகவரியில் இருக்கிறேன்" என்று சொல்வது மட்டுமே. நேரில் என்றால் கெடுவுக்கு 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்பு வரை கொடுக்கலாம். முதல் முறை நேரில் போக வேண்டும். தவறினால் 2,000 பாத் அபராதம். நடுவில் நாட்டைவிட்டுப் போய் வந்தால் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும்.

தங்கும் அனுமதியை நீட்டிப்பதற்கான படிவம் டி.எம். 7, கட்டணம் 1,900 பாத். அதன் கடைசித் தேதி பாஸ்போர்ட் முத்திரையில் இருக்கும். அந்தத் தேதியைத் தாண்டினால் நாளுக்கு 500 பாத், உச்சம் 20,000.

ரீ-என்ட்ரி பெர்மிட் என்பது, நாட்டைவிட்டுப் போய் வந்தாலும் நீட்டிப்பு செல்லுபடியாக இருப்பதற்கு வாங்கும் அனுமதி. நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். ஓராண்டு நீட்டிப்பு கையில் இருக்க, பெர்மிட் எடுக்காமல் பொங்கலுக்கு ஊருக்குப் போனால், சுவர்ணபூமி விமான நிலையத்தில் வெளியேறும் முத்திரை விழுந்த நொடியே நீட்டிப்பு செத்துவிடும். திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெர்மிட் கட்டணம் ஒரு முறைக்கு 1,000 பாத், பல முறைக்கு 3,800. விமான நிலையத்திலேயே, செக்-இன் முடித்து பாஸ்போர்ட் சோதனைக்குப் போகும் இடத்தில் வாங்கலாம். ஆனால் சாவி மறந்தவர் மாதிரி கடைசி நிமிடத்தில் ஓட வேண்டாம். ஆண்டுக்கு நாலு முறை போகிறவர்கள் நீட்டிப்பு கிடைத்த அன்றே சேங் வத்தனா குடிவரவு அலுவலகத்தில் பல முறைக்கானதை எடுத்துவிடுங்கள். திரும்பி வரும்போது, தரையிறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசுத் தளம் அல்ல.

கேள்வி: சுற்றுலாவாக வந்து, காண்டோவில் உட்கார்ந்து இந்தியக் கம்பெனிக்கு லேப்டாப்பில் வேலை செய்யலாமா?

பதில்: அதற்கென்றே 2024 ஜூலையில் டி.டி.வி. விசா வந்திருக்கிறது. 5 ஆண்டு செல்லும், ஒவ்வொரு வருகைக்கும் 180 நாள். 5,00,000 பாத் சேமிப்புக் காட்ட வேண்டும், தாய்லாந்துக்கு வெளியிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். தாய் கம்பெனிக்கு வேலை செய்யக் கூடாது. 180 நாளைத் தொட்டால் மேலே சொன்ன வரி விதி உங்களுக்கும் உண்டு.

கேள்வி: அக்கம்பக்கத்தில் எல்லோரும் கரண்ட் பில் 1,500 என்கிறார்கள். எங்களுக்கு 3,000 வருகிறது. ஓனர் ஏமாற்றுகிறாரா?

பதில்: பில் யாரிடமிருந்து வருகிறது என்று பாருங்கள். தனி ஓனரின் காண்டோ என்றால் பெருநகர மின்வாரியமான எம்.இ.ஏ.வின் பில் உங்கள் மீட்டருக்கே வரும், பார்கோடைக் காட்டி செவன்-லெவனில் கட்டலாம். ஒரே முதலாளியின் அபார்ட்மென்ட் கட்டடங்களில் கட்டடமே யூனிட்டுக்கு 7, 8 பாத் என்று வசூலிக்கும். அரசுக் கட்டணம் ஏறக்குறைய அதில் பாதிதான். வாடகை மலிவாகத் தெரியும் இடங்களில் இப்படித்தான் ஈடுகட்டுகிறார்கள். ஆகவே கையெழுத்துப் போடும் முன் யூனிட் விலையைக் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பில் எம்.இ.ஏ.வுடையதுதான் என்றால் ஏசியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுவாத ஏசி, குளிராமலே ஓடிக்கொண்டிருக்கும்.

ஒப்பந்தத்தின்போது இன்னும் இரண்டு விஷயம். முன்பணம் வழக்கமாக இரண்டு மாதம், கூடவே ஒரு மாத வாடகை. உள்ளே போகும் அன்றே சுவர்க் கீறல், குழாய், மெத்தை, எல்லாவற்றையும் படமெடுத்து ஓனருக்கு லைன் (LINE) செயலியில் அனுப்பிவிடுங்கள், தேதியோடு பதிவாகிவிடும். இரண்டாவது டி.எம். 30. வெளிநாட்டவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சிலர் வாடகை வரி பயத்தில் தட்டிக்கழிப்பார்கள். அந்த ரசீது இல்லாமல் போனால் நீட்டிப்புக்குப் போகும்போது கவுன்டரில் திருப்பி அனுப்புவார்கள். "டி.எம். 30 போட்டுத் தருவீர்களா?" என்று முதலிலேயே கேளுங்கள். தயங்கினால் வேறு வீடு பாருங்கள்.

கேள்வி: அண்ணா, நாங்கள் சுத்த சைவம். வெளியில் சாப்பிடவே பயமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

பதில்: "மங்சவிரத்" என்றால் சைவம், ஆனால் முட்டையும் பாலும் இருக்கலாம். "ஜே" என்றால் முட்டை, பால், மீன் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயமும் கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடை கண்ணில் பட்டால் நேரே உள்ளே போகலாம், தங்கச்சி.

சாதாரணக் கடையில் கறித்துண்டை எடுத்துவிட்டால் சைவமாகிவிடாது. மீன் சாறு, சிப்பிச் சாறு, இறால் விழுது மூன்றும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும். "மை சை நாம் ப்லா, மை சை நாம் மன் ஹோய், மை சை கபி" என்று மூன்றையும் சொல்லுங்கள். பெண்கள் முடிவில் "கா" சேர்க்க வேண்டும், ஆண்கள் "க்ரப்". வாணலியில் அப்போதே வதக்கும் சாப்பாட்டுக்கு இது பலிக்கும். கிரீன் கறி, ரெட் கறி என்ற தாய்க் குழம்புகளுக்குப் பலிக்காது. மசாலா அரைக்கும்போதே கபி, அதாவது இறால் விழுது, சேர்ந்துவிடுகிறது. நூடுல்ஸ் சூப்பும் எலும்பு கொதித்த தண்ணீர்தான். பப்பாளி சாலட்டில் காய்ந்த இறால் உரலிலேயே இடிபடும், அதற்கு "மை சை குங் ஹேங்".

சீன ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள் ஜே பண்டிகை. அப்போது தெருவெல்லாம் மஞ்சள் கொடிதான். 2023, 2024இல் அது நம் நவராத்திரியோடு ஒன்றாகவே வந்தது. 2025இல் ஏறக்குறைய ஒரு மாதம் தள்ளிப்போனது. சீலோம் மாரியம்மன் கோயிலுக்கு விஜயதசமி ஊர்வலம் பார்க்கப் போகிறவர்கள் இந்தத் தேதிகளை ஒத்துப்பாருங்கள்.

கேள்வி: இங்கத்திய அரிசியில் சாம்பார் சாதம் களியாகிவிடுகிறது. இட்லி மாவும் புளித்துப்போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் வாங்குவது மல்லிகை அரிசியாக இருக்கும். அது ஒட்டும், அதன் குணம் அது. "காவ் சாவ் ஹாய்" என்று கேளுங்கள். சரபுரிப் பக்கத்து அரிசி, வெந்தால் உதிரியாக நிற்கும். தாய்க்காரர்களே குழம்பு ஊற்றிச் சாப்பிடும் கடைகளில் இதைத்தான் வடிக்கிறார்கள். ஒரு கப்புக்கு இரண்டு கப்பிலிருந்து இரண்டே கால் கப் தண்ணீர். மல்லிகை அரிசிக்கு ஒன்றேகால் போதும். அந்த அளவை இதற்கு வைத்தால் விறைத்துக்கொள்ளும்.

சின்ன வெங்காயம் "ஹோம் டேங்", முருங்கை "மரும்", புளி "மகாம் பியாக்", துருவிய தேங்காய் "மப்ராவ் கூட்". எல்லாம் பக்கத்துச் சந்தையிலேயே கிடைக்கும். புழுங்கல் அரிசி, துவரம்பருப்புக்கு பாங்காக்கின் இந்தியக் கடைத்தெருவான பாஹுராட் போக வேண்டும். சாம் யோட் மெட்ரோவில் இறங்கினால் நடந்துவிடலாம்.

மாவு புளிப்பதற்குக் காரணம் மிக்ஸிச் சூடும் பாங்காக் இரவும். ஐஸ் தண்ணீர் விட்டு, இடைவெளி விட்டு அரையுங்கள். உப்பை அரைத்ததுமே போடுங்கள், புளிப்பின் வேகத்தை அது கொஞ்சம் குறைக்கும். ஏசி இல்லாத சமையலறையில் 6, 7 மணி நேரத்திலேயே பொங்கிவிடும். ராத்திரி பத்து மணிக்கு வைத்தால் காலை ஐந்துக்கு எழுந்து குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். முடியாதவர்கள் காலையில் அரைத்து மாலையில் எடுங்கள்.

கேள்வி: சமூகப் பாதுகாப்பு அட்டை குடும்பத்துக்கும் செல்லுமா?

பதில்: வைத்தியம் உங்களுக்கு மட்டும்தான். மனைவி, குழந்தைகளுக்குத் தனியாக மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள், தனியார் மருத்துவமனை பில் குடும்பத்தையே உலுக்கிவிடும். மூன்று மாதச் சந்தா சேர்ந்த பிறகே வைத்தியம் தொடங்கும். நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரே மருத்துவமனையில் இலவசம், வேறு இடத்தில் உயிருக்கு ஆபத்தான அவசரத்துக்கு முதல் 72 மணி நேரம். பிடிக்கவில்லையென்றால் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் மாற்றலாம். பல்லுக்கு ஆண்டுக்கு 900 பாத் உண்டு. ஆம்புலன்ஸ் எண் 1669.

கேள்வி: வேலையை விட்டு ஊருக்குத் திரும்புகிறேன். என்ன முடிக்கணும்?

பதில்: வேலையை வைத்து வாங்கிய தங்கும் அனுமதி, வேலையின் கடைசி நாளோடு முடிந்துவிடும், முத்திரையில் இன்னும் ஐந்து மாதம் இருந்தாலும். அன்றைக்கே சேங் வத்தனாவுக்குப் போய் ரத்து செய்துவிட்டு, 1,900 பாத் கட்டி ஏழு நாள் அவகாசம் கேட்கலாம். ஆகவே கடைசி நாளை விமான டிக்கெட் தேதிக்கு ஒட்டி வையுங்கள், வீட்டுச் சாமானை அதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். அந்த ஆண்டுக்கான "ஹா சிப் தவி"யைக் கையோடு வாங்குங்கள். இந்தியாவில் தாய்லாந்துக் குடியிருப்புக்கு ஆதாரம் கேட்டால் ஆர்.ஓ. 22 சான்றிதழ் வேண்டும், வரித்துறையில் விண்ணப்பித்தால் கிடைக்கும். ரீஃபண்ட் காசோலை வரும்வரை வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.