ஜெயித்தால் 15, தோற்றால் 22: இது என்ன கணக்கு?

கேள்வி: வாலரண்டு என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமில் கோல்டு 2 ரேங்கில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஜெயித்தால் 15 ஆர்.ஆர். (ரேங்க் புள்ளி) ஏறுகிறது, தோற்றால் 22 போகிறது. டீமிலேயே அதிக கில் எடுத்தாலும் இதே கதைதான். அக்கவுன்ட் கெட்டுவிட்டதா? புது ஐடி தொடங்கலாமா?

பதில்: கெடவில்லை. கேம் உங்களுக்கு இரண்டு எண் வைத்திருக்கிறது. திரையில் தெரியும் கோல்டு 2 ஒன்று. கண்ணில் காட்டாத எம்.எம்.ஆர். (உங்கள் திறமைக்கு கேம் போடும் மதிப்பெண்) இன்னொன்று, எதிரில் யாரை நிறுத்துவது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான். அது இப்போது உங்களை கோல்டு 2-க்குக் கொஞ்சம் கீழே மதிப்பிடுகிறது. இரண்டும் ஒட்டும்வரை ஏற்றம் குறைவாகவும் இறக்கம் அதிகமாகவும் இருக்கும்.

இந்த யோசனை செஸ்ஸிலிருந்து வந்தது. அர்பாத் ஈலோ வகுத்த முறையை உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-இல் எடுத்துக்கொண்டது. அதில் எதிராளியைவிட 400 புள்ளி கூடுதலாக இருப்பவர் 11 ஆட்டத்தில் 10 புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்ப்பு. எதிர்பார்த்தபடி ஜெயித்தால் ஒன்றிரண்டு கிடைக்கும், தோற்றால் பலமாக அடி விழும். வாலரண்டின் சூத்திரம் வேறு, புத்தி இதே புத்திதான்.

இனி உங்கள் கணக்கு. பத்து மேட்சில் ஆறு ஜெயித்தால் 90 ஏறும், 88 இறங்கும். மிச்சம் வெறும் 2! எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பத்துக்கு ஆறு ஜெயிக்கும்போது எம்.எம்.ஆர். அடியில் ஏறிக்கொண்டே போகிறது. அது ரேங்கைத் தொட்டதும் 15-உம் 22-உம் நெருங்கிவிடும்.

கில் விஷயம்: தனி ஆட்டத்துக்கும் கொஞ்சம் மதிப்பு உண்டு. ஆனால் முதலில் எண்ணப்படுவது வெற்றி தோல்வி, அடுத்து ரவுண்டு வித்தியாசம். 13-4 ஜெயித்தால் 13-11-ஐவிடக் கூடுதலாக ஏறும். ஸ்பைக்கை (எதிரணி வைத்த குண்டை) டிஃப்யூஸ் செய்யாமல் ஓரத்தில் நின்று எடுத்த கில் போர்டில் அழகாக இருக்கும், ரவுண்டு போயிருக்கும்.

புது ஐடி வேண்டாம். லெவல் 20 வரை ஆடினால்தான் ரேங்க்டு மேட்ச் திறக்கும். ஆடப்போவதும் இதே கைதானே. அடுத்த 20 மேட்சுக்கு ரேங்க் படத்தை மறந்துவிட்டு, ஏறிய இறங்கிய ஆர்.ஆர்.-ஐ மட்டும் குறித்துவையுங்கள். 15 மெல்ல 17, 18 ஆனால் சரியான வழியில் போகிறீர்கள். 13 ஆகச் சுருங்கினால் கோல்டு 1-க்கு இறங்கத் தயாராகிவிடுங்கள்.