சுத்தமாகச் சார்ஜ் இறங்கிய போன்: மலைப்பக்கக் கேள்விகள்

கோத்தகிரியில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மார்கழி, தை வந்துவிட்டால் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "சார்ஜ் சுத்தமா தீர்ந்துபோச்சு, இப்ப ஏறவே மாட்டேங்குது." பல போன்களைத் திறக்கவே வேண்டியிருக்காது. இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தலைகுந்தாவிலிருந்து: அண்ணா, ராத்திரி போன் தானாக ஆஃப் ஆகிவிட்டது. காலையில் சார்ஜர் போட்டுப் பத்து நிமிடம் ஆகியும் திரையில் ஒன்றுமே வரவில்லை. போன் போய்விட்டதா?

இல்லை தம்பி. பத்து நிமிடத்தில் முடிவு கட்டாதீர்கள்.

சார்ஜ் நிறைந்த பேட்டரியில் 4.2 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேலே இருக்கும். 3.3, 3.4 வோல்ட்டுக்கு இறங்கும்போதே போன் தன்னை அணைத்துக்கொள்ளும். அணைந்த பிறகும் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டுதான் இருக்கும். 3 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால், சார்ஜிங் ஐசி (சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் சின்னச் சிப்) முழுக் கரண்டை உள்ளே விடாது. வழக்கமாகக் கொடுப்பதில் ஒரு சிறு பங்கை மட்டும் சொட்டுச் சொட்டாக விடும். பட்டினி கிடந்தவருக்கு முதலில் கஞ்சி கொடுப்பது போலத்தான். அந்த நேரத்தில் திரையை எரிய வைக்கக்கூடத் தெம்பு இருக்காது. அதனால் சுவரில் உள்ள பிளக்கில் நல்ல சார்ஜரைப் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை பவர் பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் போன் எழ முயன்று, ஏறிய கொஞ்சத்தையும் தின்றுவிடும்.

உங்கள் ஊருக்கு இன்னொன்றும் உண்டு. உறைபனி விழும் காலையில் ஜன்னலோரம் கிடந்த போன் ஐஸ்கட்டி போல இருக்கும். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பேட்டரிக்குள் லித்தியம் உலோகமாகவே படிந்துவிடும். அந்தச் சேதம் திரும்பாது. அதனால்தான் குளிரில் பல போன்கள் சார்ஜை மறுக்கின்றன, இல்லை மெதுவாக ஏற்றுகின்றன. முதலில் அரை மணி நேரம் சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். அப்புறம் சார்ஜ் போடுங்கள்.

பூம்பாறையிலிருந்து: பூண்டுத் தோட்டத்துக்குப் போகும்போது 40 சதவீதம் இருந்தது. திடீரென அணைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் 35 காட்டுகிறது. எது உண்மை?

35தான் உண்மைக்குப் பக்கம். குளிரில் பேட்டரியின் உள்தடை கூடும், கேட்ட கரண்டை அதனால் கொடுக்க முடியாது. வோல்ட் சட்டென்று விழும், போன் அணையும். பழைய பேட்டரியில் இது அதிகம். போனை ஸ்வெட்டருக்கு உள்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சூரிலிருந்து: ஒரு மணி நேரம் சார்ஜில் வைத்தும் அசைவில்லை. சார்ஜரும் புதிது. இனி என்ன செய்வது?

அக்கா, டார்ச் அடித்துச் சார்ஜிங் போர்ட்டுக்குள் பாருங்கள். போன வாரம் ஒரு தோட்டத் தொழிலாளி கொண்டுவந்த போனில் கேபிள் பின் முக்கால்வாசிதான் உள்ளே போனது. வேறொரு கடையில் போர்டு (போனுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகை) போய்விட்டது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மரப் பல்குச்சியால் மெதுவாகத் தோண்டினேன். கம்பளி நூலும் தேயிலைத் தூசியும் சேர்ந்து கெட்டியான பஞ்சுக்கட்டியாக வந்தது. ஸ்வெட்டர் பையிலேயே போனைப் போட்டு வைப்பவர்களுக்கு இது வரும். கேபிள் 'டக்' என்று உட்கார்ந்தது, கொஞ்ச நேரத்தில் பேட்டரிப் படம் வந்தது. அந்த அம்மாவிடம் காசு வாங்க மனசு வரவில்லை. நீங்களும் கேபிளைக் கழற்றிவிட்டுப் பல்குச்சியால் எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் கூடாது, உள்ளே இருக்கும் தகடு வளைந்துவிடும்.

அதன் பிறகும் வரவில்லையா? போன் சார்ஜ் ஏறியும் ஹேங் ஆகி நிற்கலாம். கேபிள் இருக்கும்போதே பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். சாம்சங் என்றால் பவரையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஐபோன் 8 முதல் வந்தவற்றில் வால்யூம் கூட்டும் பட்டனை ஒரு தட்டு, குறைக்கும் பட்டனை ஒரு தட்டு, பிறகு பக்கவாட்டுப் பட்டனை ஆப்பிள் படம் வரும்வரை பிடித்திருங்கள்.

குன்னூரிலிருந்து: விறகடுப்புப் பக்கத்தில் வைத்துச் சூடாக்கலாமா?

வேண்டவே வேண்டாம். ஹேர் டிரையர், சுடுதண்ணீர்ப் பை எதுவும் வேண்டாம். உடம்புச் சூடு போதும்.

கூடலூரிலிருந்து: மழையில் நனையவில்லை. ஆனாலும் தண்ணீர்த்துளி படம் காட்டிச் சார்ஜ் நின்றுவிடுகிறது.

நனைய வேண்டிய அவசியமே இல்லை. வெளியில் குளிர்ந்த போன் அடுப்படிக்குள் வந்ததும் மூக்குக்கண்ணாடி போல வேர்க்கும், போர்ட்டுக்குள்ளும்தான். போர்ட் கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அரை மணி கழித்துப் பாருங்கள், முழுதாகக் காய ஒரு நாள்கூட ஆகலாம். அரிசியில் புதைக்காதீர்கள், மாவுத்தூள் உள்ளே போகும்.

எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து: எங்களுக்கு லோ வோல்டேஜ். அதனால் ஏறவில்லையா?

சார்ஜரில் பொடி எழுத்தில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கும். பல்பு மங்கலாக எரிந்தாலும் அது வேலை செய்யும். ஆனால் பழைய லேப்டாப்பில் சொருகிச் சார்ஜ் போடாதீர்கள், அதில் 500 மில்லியாம்ப்தான் வரும். செத்துக் கிடக்கும் போனைச் சார்ஜ் ஏற்ற அது ரொம்ப நேரம் எடுக்கும்.

கொடைக்கானலிலிருந்து: இறந்துபோன அப்பாவின் போன் எட்டு மாதமாக பீரோவில் இருந்தது. சார்ஜ் ஏறவில்லை, பின்மூடி லேசாகத் தூக்கியிருக்கிறது. அவர் பேசிய குரல் பதிவுகள் அதில் இருக்கின்றன.

சார்ஜரை உடனே கழற்றுங்கள் அம்மா. மூடி தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், இனிமேல் சார்ஜ் போடாதீர்கள். கடையில் மெஷினில் 'பூஸ்ட்' (பேட்டரிக்கு நேரடியாகக் கரண்ட் கொடுப்பது) போட்டுத் தருகிறேன் என்று சொன்னாலும் உப்பிய பேட்டரிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், தீப்பிடிக்கும்.

குரல் பதிவுகள் பேட்டரியில் இல்லை, போர்டில் இருக்கும் மெமரியில் இருக்கின்றன. பேட்டரி மாற்றினால் அழியாது. கடையில் கொடுக்கும்போதே "ரீசெட் போடாதீங்க, சாஃப்ட்வேர் ஏத்தாதீங்க, பேட்டரி மட்டும் மாத்துங்க" என்று சொல்லி, அதைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள். அவருடைய லாக் நம்பர் தெரிந்தால் நீங்களே போடுங்கள், ஊகித்துத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். திறந்ததும் முதல் வேலையாகப் பதிவுகளை இன்னொரு போனுக்கு அனுப்பிவிடுங்கள்.