மேலிருந்து பார்க்கும் சாகச கேம்களில் கிடைக்கும் அந்தத் திருப்திக்கு எது காரணம்?

என்னைக் கேட்டால், கைக்கு எட்டாததை முதலிலேயே கண்ணில் காட்டிவிடுவதுதான். கேமரா தலைக்கு மேலே இருப்பதால் பள்ளத்துக்கு அக்கரையில் இருக்கும் பெட்டி, மேட்டு விளிம்பில் கிடக்கும், உயிர் அளவைக் கூட்டும் இதயத் துண்டு எல்லாம் நமக்குத் தெரியும், ஆனால் கீழே ஓடிக்கொண்டிருக்கும் ஆளால் அங்கே போக முடியாது. எங்கள் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் 115 அடி உயரத்தில் நின்று கீழே பறளியாற்றையும் தென்னந்தோப்பையும் பார்க்கும்போது "அங்கே எப்படி இறங்குவது?" என்று மனசு தானாக வழி தேடுமே, அதேதான்.

1991-இல் வந்த 'எ லிங்க் டு த பாஸ்ட்' என்ற, செல்டா வரிசை கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் வழியை மறிக்கும் கனமான கற்களைத் தூக்கவே முடியாது. பாலைவன நிலவறையில் அவற்றைத் தூக்க வைக்கும் பவர் கிளவ் என்ற கையுறை கிடைத்ததும் முதலில் ஞாபகத்துக்கு வருவது அடுத்த நிலவறை இல்லை, எங்கெங்கோ பார்த்துவிட்டு வந்த அந்தக் கற்கள்தான். வரைபடம் மாறவே இல்லை, நாம் மாறியிருக்கிறோம். நிலவறைச் சுவர்களில் விரிசல் தெரிந்தால் குண்டு வைக்கலாம், சந்தேகமாக இருந்தால் வாளால் தட்டிப் பார்க்கலாம், உள்ளே வழி இருந்தால் சத்தம் வேறு மாதிரி கேட்கும். 1986-இல் வந்த முதல் செல்டாவில் வெளியுலகம் மட்டும் 128 திரை, அதில் எந்தப் பாறையை வெடித்தால் குகை திறக்கும் என்பதற்குப் பாறையில் அடையாளமே இருக்காது. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும், ஆனாலும் துப்பு கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் நியாயம்.

அதனால்தான் அம்புக்குறி போட்டு வழி காட்டும் கேம்கள் எனக்கு ஆகாது. அக்கா மகன் நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவியில் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாய் தவறி "அந்தப் பக்கம்..." என்று ஆரம்பித்தாலே போதும், "சொல்லாண்டாம் மாமா, நான் கண்டுபிடிக்கேன்" என்று கத்துவான். அவன் சொல்வதுதான் சரி. 2022-இல் வந்த 'டியூனிக்' இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது: கேமின் கையேட்டையே பக்கம் பக்கமாகப் பிரித்து உலகத்துக்குள் போட்டுவிட்டார்கள், ஒரு பக்கத்தை எடுத்துப் படித்தால் முதல் நிமிடத்திலிருந்தே நம்மால் செய்ய முடிந்த ஒரு காரியம் அப்போதுதான் தெரியவருகிறது. புதுக் கருவி எதுவும் இல்லை, தெரிந்துகொண்டது மட்டும்தான். இதைவிடப் பெரிய திருப்தி இந்த வகையில் நான் பார்த்ததில்லை.

அப்புறம் கைக்கு எப்படி இருக்கிறது என்பது. பொத்தானை அமுக்கிய அதே கணம் வாள் வீசணும், அடி விழும்போது படம் இமைப்பொழுது நின்று எதிரி பின்னால் தெறிக்கணும். 'ஹைப்பர் லைட் டிரிஃப்டர்' கேமில் துப்பாக்கிக் குண்டு தீர்ந்தால் வாளால் அடித்துத்தான் நிரப்ப முடியும், அதனால் தூரத்தில் ஒளிந்து நின்று சுட்டே காலம் தள்ள முடியாது, கிட்டே போயே ஆகணும். சண்டைக்கு இந்த ஒரே விதி எவ்வளவு உயிர் கொடுக்கிறது!

புதிதாக ஆரம்பிப்பவர்கள் செல்டா வரிசையின் 'லிங்க்ஸ் அவேக்கனிங்' 2019 பதிப்பிலிருந்து தொடங்கலாம். 1993-இல் கேம் பாய் என்ற கையடக்கக் கருவியில் வந்தபோது கருவிகளுக்கு இரண்டே பொத்தான்தான், வாளையே கழற்றி மாட்டிக்கொண்டிருக்கணும். புதியதில் வாளுக்கும் கேடயத்துக்கும் தனிப் பொத்தான் உண்டு. யூடியூபில் வழி பார்க்காமல் விளையாடுங்கள், அது மட்டும் போதும்.