டிக் டிக் என ஒலிக்கும் வன்தட்டை நகலெடுத்தல்

வணக்கம். உங்கள் 500 ஜிபி வன்தட்டு ‘டிக் டிக்’ என ஒலிப்பதாகவும், ஹட்டனில் மழையோடு மின்சாரமும் போய்விடுவதால் நகலெடுப்பு இருமுறை பாதியில் நின்றதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த ஒலி நல்லதற்கன்று. தட்டின் பிழைகளைத் தேடித் திருத்தும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை இப்போது ஓடவிடாதீர்கள், அது நொந்த தட்டை மேலும் வருத்தும். மகளின் படங்களை முதலில் பென்டிரைவில் எடுத்துவிட்டு, யூஎஸ்பியிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை இயக்கி, பழுதான தட்டிலிருந்து தரவை மீட்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற நிரலால் முழுத் தட்டையும் ஒரு புதிய தட்டுக்கு நகலெடுங்கள். எதுவரை படித்தது என்பதை அது மேப் கோப்பில் குறித்துவைப்பதால், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். அக்கோப்பைப் பென்டிரைவிலேயே சேமியுங்கள். கணினியின் தற்காலிக நினைவகத்தில் (ராம்) இருந்தால் மின்சாரத்தோடு அதுவும் போய்விடும் (எனக்கு ஓர் இரவு வீணானது இப்படித்தான்). புதிய தட்டு பழையதைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. கட்டளையில் பழைய தட்டின் பெயரே முதலில் வரவேண்டும். இடம் மாறினால் வெற்றுத் தட்டு உங்கள் படங்களின்மேல் எழுதப்பட்டுவிடும்.